கிளிக்குஞ்சுக்குக் கஞ்சி, மாமாவுக்குக் கூழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் காக்டெய்ல் என்கிற சின்னக் கிளி இனத்தின் நாலு குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்தோம். அந்த நாட்களில் ஒரு காலை, குஞ்சுகளுக்குக் கலக்கி வைத்த கூழை என் மாமனார் குடித்துவிட்டார். அவருடைய சத்துமாவுக் கஞ்சியை நான் குஞ்சுக்கு ஊட்டிவிட்டேன். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று இந்தக் கதை ஒரு சுற்று வந்துவிட்டது. கேட்பவர்கள் முதலில் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும், "சரி, குஞ்சுக்கு எப்படித்தான் ஊட்டுறது?" என்று ஆரம்பிக்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளும் என் பதில்களும்தான் இவை.

அன்றைக்கு என்னதான் நடந்தது?

எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு இரண்டு வேலைகள் ஒரே அடுப்படியில் நடக்கும். அத்தை மாமாவுக்குச் சத்துமாவுக் கஞ்சி காய்ச்சுவார். பால், வெல்லம், ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டு, டம்ளரில் ஊற்றி, ஆறுவதற்காக ஒரு கிண்ணத் தண்ணீரில் வைப்பார். நான் குஞ்சுகளுக்குக் கூழ் கலக்கி, டம்ளரில் ஊற்றி, சூடு ஆறாமல் இருக்க வெந்நீர்க் கிண்ணத்தில் வைப்பேன். இரண்டும் எங்கள் கல்யாணச் சீரில் வந்த ஒரே செட் எவர்சில்வர் டம்ளர். இரண்டுக்கும் ஒரே வெளிர்பழுப்பு நிறம்.

முந்தின இரவு கரண்ட் போய்ப் போய் வந்ததில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. நான் எடை பார்க்கும் தராசை எடுத்துவர உள்ளே போனேன். அந்த நேரம் பார்த்துப் பால் பொங்க, அத்தை மேடையைத் துடைப்பதற்காக இரண்டு டம்ளரையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, துடைத்ததும் மாற்றி வைத்துவிட்டார். ஒரு டம்ளர் திண்ணையில் இருந்த மாமாவிடம் போயிற்று. இன்னொன்றில் நான் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். சரியாக 40 டிகிரி. சிரிஞ்சில் இழுத்துக்கொண்டு மூத்த குஞ்சு முறுக்கிடம் போனேன்.

குஞ்சுகளுக்குப் பெயர் வைத்தது என் மகள். பெரியவன் முறுக்கு, அடுத்தது பூந்தி, மூன்றாவது சீடை, கடைக்குட்டி ஜவ்வரிசி. முறுக்குக்கு அன்று 26 நாள் வயது. வழக்கமாகச் சிரிஞ்சைப் பார்த்ததும் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, துருப்பிடித்த கேட்டைத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு சத்தம் விடாமல் போடுவான். அன்றும் போட்டான். மூன்று மில்லி உள்ளே போனதும் சத்தம் நின்றது. என்னை ஒரு கண்ணால் பார்த்தான். அப்புறம் தலையைப் படபடவென்று இரண்டு பக்கமும் உதறினான். என் மூக்குக் கண்ணாடி, நைட்டி, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் எல்லாவற்றிலும் கஞ்சி. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போதுதான் ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறியது.

அதே நேரம் திண்ணையிலிருந்து மாமாவின் குரல்: "ஏம்மா, இன்னிக்குக் கஞ்சி ஒரு மாதிரியா இருக்கே. வெல்லம் போட மறந்துட்டாளா உங்க அத்தை?"

நான் அப்படியே வாசலுக்கு ஓடினேன். டம்ளர் காலி. விஷயத்தைச் சொன்னதும் மாமா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் குடிச்சது கிளிச் சாப்பாடா?" என்றார். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் இங்கே பேசிக்கொண்டிருக்க, பெட்டியை மூடாமல் வந்ததால் பூந்தியும் சீடையும் பசி தாங்காமல் விளிம்பு ஏறிக் குதித்து, மேஜையில் சிந்திக் கிடந்த கஞ்சியில் உட்கார்ந்துவிட்டார்கள். என் மகள் பள்ளிக்கூடம் போகவே மாட்டேன் என்று நின்றுகொண்டாள். அப்படி ஒரு காலையை எப்படி விட்டுவிட்டுப் போவாள்!

குஞ்சுக்கு ஏதாவது ஆயிற்றா? மாமாவுக்கு?

மாமாவுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் குடும்ப மருத்துவருக்கு உடனே போன் செய்தோம். குஞ்சுக் கூழ் பவுடர் பாக்கெட்டில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டச் சொன்னார். மக்காச்சோளம், சோயா, கோதுமை, விட்டமின்கள். பயப்பட ஒன்றும் இல்லை, தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் என்றார்.

முறுக்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி பறவைகளுக்குக் கிடையாது. அவனுக்குப் போனது மூன்று மில்லிதான் என்றாலும் மதியம் வரை எச்சம் தண்ணீராகப் போயிற்று. பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டோம். உள்ளே போனது முழுதாக இறங்கும்வரை எதுவும் கொடுக்காதீர்கள், கதகதப்பாக வையுங்கள், அடுத்த வேளை கூழைத் தண்ணீராகக் கலந்து கொடுங்கள் என்றார். அப்படியே செய்தோம். சாயங்காலம் மறுபடி கேட் சத்தம் ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டு அத்தனை சந்தோஷப்பட்டது அன்றுதான். அன்று காலை 84 கிராம் இருந்தான், மறுநாள் 81, அதற்கடுத்த நாள் 85.

பெற்ற பறவைகள் இருக்கும்போது ஏன் கையால் ஊட்டினீர்கள்?

தாய் குஞ்சுகளின் இறகைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டது. காக்டெய்ல்களிடம் இது அடிக்கடி நடப்பதுதான். அடுத்த ஈட்டுக்கு முட்டையிடும் நேரம் வந்ததும் பெட்டியிலிருக்கும் குஞ்சுகளை விரட்டப் பார்க்கும். ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் சீடையின் முதுகில் ரத்தம் கசிந்திருந்தது. அன்றே எடுத்துவிட்டோம். அப்போது மூத்தவனுக்கு 18 நாள், கடைக்குட்டிக்கு 11 நாள்.

ஏழு நாள் வித்தியாசம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு முட்டை இடும். பறவையைப் பொறுத்து முதல் முட்டையிலோ இரண்டாவதிலோ அடைகாக்க உட்கார்ந்துவிடும். 18 முதல் 21 நாளில் இட்ட வரிசையிலேயே பொரியும். கடைசியாகப் பொரிப்பது அண்ணன்களின் காலடியில் கிடந்து நசுங்கும், வாய்க்கு எட்டாமல் இளைத்தும் போகும். ஜவ்வரிசி அப்படித்தான் இருந்தது, உள்ளங்கையில் வைத்தால் பஞ்சு மாதிரி.

கையால் வளர்த்தால்தான் மனிதரிடம் பழகுமா?

இல்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கைக்குழந்தை மாதிரிப் பழகும் என்று ஆசை காட்டி, கண் திறந்தும் திறக்காத குஞ்சுகளை விற்கிறார்கள். வாங்கிப் போகிறவருக்குச் சிரிஞ்ச் பிடிக்கத் தெரியாது. இரண்டு நாளில் குஞ்சு செத்துப்போகிறது. பெற்றோர் நன்றாக ஊட்டிக்கொண்டிருந்தால் தொடவே வேண்டாம். இரண்டு வாரம் ஆன பிறகு தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் குஞ்சைக் கையில் எடுத்து, பேசி, திரும்பப் பெட்டியில் வைத்தாலே போதும். வளர்ந்ததும் தோளில் வந்து உட்காரும். தாய் தகப்பன் ஊட்டிய குஞ்சுக்கு உடம்பும் வலுவாக இருக்கும், மற்ற பறவைகளோடு சேர்ந்து வாழவும் தெரியும்.

கையால் ஊட்டுவது வேறு வழியில்லாதபோது செய்வது. தாய் இறந்துவிட்டது, ஊட்ட மறுக்கிறது, காயப்படுத்துகிறது, கடைக்குட்டி பட்டினி கிடக்கிறது, இந்த மாதிரி நேரத்துக்கு.

காக்டெய்ல் கிளிதானா? வளர்ப்பதற்கு அனுமதி வேண்டுமா?

கிளி இனம்தான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கொண்டைக்கிளிக் குடும்பத்தில் இதுதான் சின்னது. அருகி வரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் காக்டெய்லும் நாம் லவ்பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜியும் இல்லை. சன் கான்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவை அந்தப் பட்டியலில் இருப்பதால், வளர்ப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2024இல் வந்த விதி இது.

மரத்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு விழுந்து கிடக்கிறது. எடுத்து வளர்க்கலாமா?

கூடாது. நம் ஊர்ப் பச்சைக்கிளி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் கீழ் வருகிறது. பிடிப்பது, விற்பது, கூண்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம்.

இறகு முளைத்த குஞ்சாக இருந்தால் பெரும்பாலும் பறக்கப் பழகிக்கொண்டிருக்கும். பூனை, நாய் அண்டாமல் பக்கத்தில் உயரமான கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள், தாய் வரும். இறகு முளைக்காத குஞ்சு என்றால், பொந்து எட்டும் உயரத்தில் இருந்தால் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வது உண்மையில்லை. இரண்டும் முடியாது, காயம் பட்டிருக்கிறது என்றால் அட்டைப்பெட்டியில் துணி போட்டு இருட்டாக, கதகதப்பாக வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பதறிப்போய் ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும்.

சத்துமாவுக் கஞ்சி சத்தானதுதானே? குஞ்சுக்கு ஏன் கூடாது?

நமக்குச் சத்தானதுதான். மாமாவுக்கு வயது 74, இன்னமும் சைக்கிளில் பெரிய கோவில் வரை போய் வருகிறார். ஆனால் முட்டையிலிருந்து வந்த ஒரு குஞ்சு நாலைந்து வாரத்தில் முழுப் பறவையின் எடைக்கு வந்துவிடுகிறது. எலும்பும் இறகும் அந்த வேகத்தில் வளர, நிறையப் புரதமும், சரியான அளவில் கால்சியமும், விட்டமின்களும் வேண்டும். வறுத்த தானிய மாவில் அந்தக் கணக்கு இல்லை. அதில் பாலும் வெல்லமும் சேர்ந்தால் வயிற்றில் புளித்துப்போகும். பொரிகடலை மாவு, குழந்தைகளுக்கு விற்கும் பால் கலந்த மாவு, பிஸ்கட்டை ஊறவைத்துக் கொடுப்பது எல்லாமே இப்படித்தான். ஒரு வாரம் உயிரோடு இருக்கும், அப்புறம் கால் வளைந்துபோகும்.

கிளிக்குஞ்சுகளுக்கென்றே ஹேண்ட் ஃபீடிங் பவுடர் கடைகளில் கிடைக்கிறது. விலை அதிகம்தான். நாலு குஞ்சுக்கு எங்களுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் ஆயிற்று. கொதித்து ஆறிய தண்ணீரில் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கலக்க வேண்டும். மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்கவே கூடாது. பதம் எப்படி என்றால், மூன்று வாரக் குஞ்சுக்குத் தோசைமாவைவிடக் கொஞ்சம் நீர்க்க, கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழிய வேண்டும்.

சூடு எவ்வளவு இருக்க வேண்டும்? கையில் தொட்டுப் பார்த்தால் போதாதா?

போதாது. 38இலிருந்து 41 டிகிரி செல்சியஸ். 43ஐத் தாண்டினால் கழுத்துக்குக் கீழே கூழ் தங்குகிற பை வெந்துபோகும். கோழி வளர்ப்பவர்கள் அதைத் தீனிப்பை என்பார்கள். வெந்தது அன்றைக்கே வெளியே தெரியாது. சில நாள் கழித்து நெஞ்சுத் தோலில் சிவந்து, பொருக்குத் தட்டி, ஓட்டை விழுந்து, ஊட்டுகிற கூழ் அது வழியாகக் கசியும். பார்க்கவே தாங்காது. 37க்குக் கீழே ஆறிப்போனால் குஞ்சு வாங்காது. வாங்கினாலும் செரிமானம் மந்தமாகும்.

அடுப்படியில் தினமும் சூடான பாத்திரம் தூக்கிப் பழகிய கைக்கு 44 டிகிரி வெதுவெதுப்பாகத்தான் தெரியும். அதனால் சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும், நடுவில் கொதிக்கும். கலக்கக் கலக்க அளந்து பாருங்கள்.

ஆனால் வெப்பமானி சூட்டைத்தான் சொல்லும். உள்ளே இருப்பது கூழா கஞ்சியா என்று சொல்லாது. அந்த 40 டிகிரியைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். இப்போது ஊட்டுவதற்கு முன் மோந்து பார்க்கிறேன்.

சிரிஞ்சை எப்படிப் பிடிப்பது?

ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச். குஞ்சை ஒரு பழைய துண்டின் மேல் நிற்க வையுங்கள், கையில் தூக்கிப் பிடிக்க வேண்டாம். இடது கை இரண்டு விரலால் தலையைப் பின்னாலிருந்து மெதுவாகத் தாங்குங்கள். குஞ்சின் இடது வாயோரத்தில் சிரிஞ்சின் முனையை வைத்து, அதன் வலது பக்கம் பார்த்துச் சாய்வாகச் செலுத்த வேண்டும். உணவுக்குழாய் அந்தப் பக்கம்தான் போகிறது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் நடுவில் இருக்கிறது.

முக்கியமான விஷயம், குஞ்சு தலையை ஆட்டி ஆட்டி வாங்கும்போது மட்டும் அழுத்துங்கள். அப்படி ஆட்டும்போது மூச்சு வழி தானாக அடைத்துக்கொள்ளும். ஆட்டம் நின்றால் நிறுத்திவிடுங்கள். மூக்கு வழியாகக் கூழ் வந்தாலோ, மூச்சு விடும்போது டிக் டிக்கென்று சத்தம் வந்தாலோ தப்பான வழியில் போயிருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, தலை கொஞ்சம் கீழே பார்க்கும்படி பிடித்து, மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இதில் இன்னொரு சின்னச் சமாசாரம் உண்டு. சிரிஞ்சைத் தினமும் வெந்நீரில் கழுவக் கழுவ, உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் உப்பிப் பிடித்துக்கொள்ளும். அழுத்தினால் நகராது, இன்னும் அழுத்தினால் திடீரென்று மொத்தமும் பீச்சியடிக்கும். எனக்கு ஒரு முறை சுவர்க் கடிகாரம் வரை போயிற்று. வீடே சிரித்தது. ஆனால் அது குஞ்சின் வாய்க்குள் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். நாலைந்து நாளுக்கு ஒரு சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வாய்க்குள் வைக்கும் முன் ஒரு துளி வெளியே தள்ளிப் பாருங்கள்.

எத்தனை வேளை, எவ்வளவு?

ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 70 கிராம் குஞ்சுக்கு 7 மில்லி. இரண்டு வாரம் தாண்டிய குஞ்சுக்குக் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை நாலு மணி நேரத்துக்கு ஒரு வேளை. நாலாவது வாரத்தில் நாலு வேளை, அப்புறம் மூன்று. இன்னும் சின்னக் குஞ்சாக இருந்தால் இரண்டு, மூன்று மணிக்கொரு தரம், ராத்திரியும் எழுந்திருக்க வேண்டும். ஜவ்வரிசிக்காக நானும் என் வீட்டுக்காரரும் முறை வைத்து எழுந்தோம்.

கடிகாரத்தைவிடத் தீனிப்பையைப் பாருங்கள். நிறைந்தால் சின்ன பலூன் மாதிரிப் புடைக்கும், ஆனால் இறுக்கமாக இருக்கக் கூடாது. கிட்டத்தட்டக் காலியான பிறகே அடுத்த வேளை. ராத்திரிக்குள் முழுதாகக் காலியாகிக் காலையில் தட்டையாக இருக்க வேண்டும். காலையிலும் புடைத்தபடி, தொட்டால் பிசைந்த மாவு மாதிரி இருந்தால் உள்ளே புளித்துக்கொண்டிருக்கிறது. அதன் மேலேயே ஊட்டினால் குஞ்சு தாங்காது.

கிராம் காட்டும் சமையல் தராசில் தினமும் முதல் வேளைக்கு முன் எடை பாருங்கள். நோட்டுப் போட்டு எழுதுங்கள். என் மகள் எழுதிய அந்த நோட்டில் கஞ்சிக் கறையோடு அன்றைய பக்கமும் இருக்கிறது.

பெட்டி எப்படி அமைத்தீர்கள்? கரண்ட் போனால்?

பழைய கண்ணாடி மீன்தொட்டி. அடியில் துண்டு, மேல் காகிதத் துடைப்பான். வழுக்கும் தரை கூடாது, கால் அகண்டுபோகும். ஒரு மூலையில் 40 வாட் பல்பு, குஞ்சு தொடாதபடி கம்பிவலை கட்டி. இன்னொரு மூலையில் துளை போட்ட மூடியோடு ஒரு கிண்ணம் தண்ணீர், காற்று வறளாமல் இருக்க. அப்போதுதான் பொரித்த குஞ்சுக்கு 36 டிகிரி வேண்டும். இரண்டு வாரத்தில் 31, 32. முள் இறகு, அதாவது உறைக்குள் முள் மாதிரி முளைக்கும் இளம் இறகு, விரிய விரியக் குறைத்துக்கொண்டே வந்து, முழுதாக இறகு மூடியதும் சாதாரண அறைச் சூடே போதும். தஞ்சாவூர் கோடையில் அதற்கும் மேலேயே இருக்கும், அப்போது பல்பே வேண்டாம். குஞ்சுகள் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டிக்கொண்டால் குளிர். இறக்கையை அகட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

கரண்ட் போனால் வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி ஓரமாக வைத்துவிடுவோம். டம்ளர் மாறியதற்கு முந்தின இரவு மூன்று முறை அப்படிச் செய்தோம். காலையில் எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருந்தது அதனால்தான்.

இறகில் கூழ் ஒட்டிக் காய்ந்துவிட்டால்?

சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். சுரண்டாதீர்கள், முளைக்கிற இறகு ரத்தத்தோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி ஊறவைத்துத் துடையுங்கள். சோப்பு வேண்டாம். அப்புறம் துண்டில் ஒற்றி உடனே பெட்டிக்குள் விடுங்கள், ஈரத்தோடு இருந்தால் சளி பிடிக்கும். பூந்தியையும் சீடையையும் அன்று சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த வயதில் முள் இறகுகளோடு அன்னாசிப்பழத் தலை மாதிரி இருப்பார்கள். பஞ்சு பட்டதும் இரண்டும் உடம்பை இடமும் வலமும் ஆட்டி, பாம்பு மாதிரிச் சீறின. பயந்தால் காக்டெய்ல் குஞ்சு அப்படித்தான் செய்யும். முதல் தடவை பார்த்த அத்தை இரண்டடி பின்னால் போய்விட்டார். மேலண்ணத்திலும் அலகு ஓரத்திலும் ஒட்டியிருப்பதையும் ஒவ்வொரு வேளையும் துடைக்க வேண்டும். விட்டால் புண்ணாகி அலகு கோணும்.

தானாக எப்போது தின்னும்?

நாலு, ஐந்து வாரத்தில் பறக்க ஆரம்பிக்கும். அப்போது கொஞ்சம் எடை குறையும், பயப்பட வேண்டாம். பறக்கிற உடம்புக்காக அதுவே குறைத்துக்கொள்ளும். எட்டிலிருந்து பத்து வாரத்துக்குள் முழுதாகத் தானே தின்னும். அதற்கு முன் பட்டினி போட்டுப் பழக்குவது கொடுமை. தட்டில் தானியத்தை வைத்துவிட்டு ஊட்டுவதையும் தொடருங்கள். அதுவே ஒருநாள் சிரிஞ்சைத் தள்ளிவிடும்.

முதலில் கொடுக்க எதுவும் தினைக்கதிருக்கு ஈடில்லை. கதிரோடு அப்படியே பெட்டியில் போட்டால் கொத்தி, இழுத்து, விளையாடி, ஒரு நாள் உமி உரித்துத் தின்னத் தெரிந்துவிடும். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண் மேல் நின்று ஆலோலம் பாடித் தினைப்புனத்தில் கிளி விரட்டியதைப் பள்ளியில் படித்தோமே, ஜவ்வரிசி முதல் தினையை உரித்த அன்று எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. எங்கிருந்தோ வந்த ஆஸ்திரேலியக் கிளிக்கும் தினை என்றால் உயிர். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், வேகவைத்த மக்காச்சோளம் கொடுக்கலாம். கால்சியத்துக்குக் கடல்நுரை எனப்படும் கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டிவிடுங்கள்.

வீட்டில் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்?

முதலில் சீலிங் ஃபேன். குஞ்சு பறக்கப் பழகும் நாட்களில் பெட்டிக்கு வெளியே விட்டால் ஃபேன் சுற்றவே கூடாது, வெயில் காலமாக இருந்தாலும். அடுத்து நான்ஸ்டிக் பாத்திரம். அது அதிகமாகக் காய்ந்தால் வரும் ஆவி பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவத்தி, சாம்பிராணிப் புகையும் ஆகாது. அவகேடோ, சாக்லேட், காபி, டீ, உப்பு போட்ட பண்டம் எதையும் கொடுக்காதீர்கள். திறந்த வாளித் தண்ணீரை மூடி வையுங்கள்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

ஒரு நாள் முழுக்கத் தீனிப்பை காலியாகாவிட்டால், எடை இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தால், வாய் திறந்து மூச்சு விட்டால், கேட்டு வாங்கும் குஞ்சு கேட்காமல் படுத்துக் கிடந்தால். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. பறவை பார்க்கிற மருத்துவர் யார் என்று குஞ்சு நன்றாக இருக்கும்போதே விசாரித்து நம்பரை வாங்கி வைத்துவிடுங்கள்.

டம்ளர் மாறாமல் இருக்க இப்போது என்ன செய்கிறீர்கள்?

குஞ்சுக் கூழுக்கு எவர்சில்வரே கிடையாது. ஊறுகாய் வந்த கண்ணாடிப் பாட்டில் ஒன்றின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது. பவுடர் டப்பா, சிரிஞ்ச், வெப்பமானி, தராசு எல்லாம் படுக்கையறை மேஜையில். வெந்நீரை மட்டும் ஃபிளாஸ்கில் எடுத்துப்போய் அங்கேயே கலக்குகிறேன். அடுப்படிக்குள் கூழ் வருவதில்லை.

நாலும் இப்போது எங்கே?

பூந்தியும் சீடையும் என் தங்கை வீட்டில், கும்பகோணத்தில், ஒரே பெரிய கூண்டில். ஜவ்வரிசி எங்களோடுதான். பஞ்சாக இருந்தது இப்போது 96 கிராம். முறுக்கு ஆண் என்று தெரிந்துவிட்டது, விசிலடிக்க ஆரம்பித்துவிட்டான். காலை ஆறு மணிக்கு மாமா திண்ணையில் உட்கார்ந்ததும் பறந்து போய்த் தோளில் உட்கார்ந்துகொள்வான். அவர் ஒரு கையில் தினைக்கதிரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டம்ளரைப் பொத்திக்கொள்வார். அத்தை கஞ்சி கொண்டு வரும்போது தினமும் கேட்கிறார்: "இது எனக்கா, முறுக்குக்கா?"